பண்டிகைக் காலத்தில் வாட்டும் மனச்சோர்வு: அறிகுறிகள் என்ன? எப்போது உதவி நாட வேண்டும்?

புது தில்லி: துர்கா பூஜையில் தொடங்கி தீபாவளி, சட் பூஜை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என நீளும் மாதங்கள் நாட்டில் பெரும்பாலோருக்குக் கொண்டாட்டக் காலமாகும். அதே நாள்களில் கதவை அடைத்துக்கொண்டு தனித்திருப்போரும் உண்டு. 'எல்லோரும் மகிழ்ந்திருக்க, என்னால் மட்டும் ஏன் முடியவில்லை?' என்ற குற்ற உணர்வு அவர்களை மேலும் ஒடுங்கச் செய்கிறது.

காரணங்கள் என்ன?

குடும்பத்தில் துக்கம் நேர்ந்த ஆண்டில் பண்டிகை கொண்டாடாத வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் உள்ளது. ஊரே விளக்கேற்றும் நாளில் அந்த வீட்டில் இழப்பின் வலி மீண்டும் தலைதூக்குகிறது. ரயிலில் இடம் கிடைக்காமல் தில்லி, மும்பை, சூரத் போன்ற நகரங்களிலேயே தங்கிவிடும் தொழிலாளர்களையும், பிள்ளைகள் வெளிநாட்டில் வசிக்கும் முதியோரையும் தனிமை வாட்டுகிறது. புத்தாடை, பயணம், பரிசு எனப் பெருகும் செலவும், வேலை, திருமணம், குழந்தைப்பேறு குறித்து உறவினர் எழுப்பும் கேள்விகளும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

வருத்தமா, நோயா?

பண்டிகை முடிந்ததும் தணியும் வருத்தம் இயல்பானது. ஆனால், நாளின் பெரும்பகுதியில் சோர்ந்த மனநிலை, எதிலும் நாட்டமின்மை, உறக்கத்திலும் பசியிலும் மாற்றம், களைப்பு, கவனக்குறைவு, தான் எதற்கும் பயனற்றவர் என்ற எண்ணம் ஆகியவற்றில் பல, இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைப் பாதித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இந்தியாவில் வயது வந்தோரில் 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இதற்கு ஆளாவதாக 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு தெரிவித்தது.

செய்ய வேண்டியவை

அனைத்து அழைப்புகளையும் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. மனத்துக்கு இதமான ஒன்றிரண்டு சந்திப்புகளே போதுமானவை. உறங்கும் நேரத்தை மாற்றாதிருத்தல், காலை வெயிலில் சிறிது நடத்தல், செலவுக்கு முன்கூட்டியே வரம்பு வகுத்தல், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் நாள்தோறும் பேசுதல் ஆகியவை பயனளிக்கும். மது தற்காலிக ஆறுதல் தருவதுபோல் தோன்றினாலும் உறக்கத்தையும் மனநிலையையும் மேலும் கெடுக்கும். மருந்து உட்கொள்வோர், விடுமுறையில் வெளியூர் செல்லும்போது போதிய மாத்திரைகளை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தக் கூடாது.

குடும்பத்தினரின் பங்கு

'பண்டிகை நாளில் முகத்தை இப்படி வைத்துக்கொள்ளாதே' என்று கடிந்துகொள்வது நிலைமையை மோசமாக்கும். அருகில் அமர்ந்து, குறுக்கிடாமல் கேட்பதே முதல் உதவி. வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் கூறினால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. தற்கொலை எண்ணம் உள்ளதா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது; மாறாக, மனம் திறந்து பேச வழிவகுக்கும். அத்தகையவரைத் தனியே விடாமல் மருத்துவ உதவி பெற வேண்டும்.

24 மணி நேர உதவி

மத்திய அரசு 2022, அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 அல்லது 1800-891-4416 ஆகிய எண்களில் எந்நேரமும் கட்டணமின்றித் தொடர்புகொள்ளலாம். தமிழ் உள்பட பல இந்திய மொழிகளில் ஆலோசனை வழங்கப்படுகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பின் 112 என்ற அவசர எண்ணை அழைக்கலாம். மனச்சோர்வு சிகிச்சையால் குணப்படுத்தக்கூடியது. பண்டிகை முடியட்டும் என்று அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.