தேங்காய் எழுந்து நின்றது, தண்ணீர்தான் வரவில்லை!

கோவை,-

பல்லடம் பக்கத்தில் ஒரு கிராமம். சாயங்காலம் 5 மணிக்கு போர் லாரி வந்து நின்றது. கற்பூரம் ஏற்றிப் பூஜை போட்டார்கள். எந்திரம் உறுமியது. ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

200 அடி... 500 அடி... 800 அடி... குழியில் இருந்து வந்தது வெறும் வெள்ளைப் புழுதிதான்! விடிவதற்குள் ஆயிரம் அடியைத் தொட்டாயிற்று. சொட்டுத் தண்ணீர் இல்லை.

நிலத்துக்காரர், கோவையில் மளிகைக் கடை வைத்திருப்பவர். மனைவியின் நகையை அடகு வைத்துப் போட்ட போர் அது!

"உள்ளங்கையிலே படுக்க வெச்ச தேங்கா அப்படியே எந்திரிச்சு நின்னுச்சுங்க. ரெட்டை நீரோட்டம்னு சொன்னாங்க. நம்பிப் போட்டேன். அடிக்கு இத்தனைன்னு காசு போனதுதான் மிச்சமுங்க" என்று கண் கலங்குகிறார்.

பாறைக்குள் ஆறு ஓடுமா?

பூமிக்கு அடியில் ஆறு ஓடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். நம் பக்கத்தில் அப்படி எதுவும் கிடையாது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 4-ல் 3 பங்கு நிலம் கடினப் பாறைப் பகுதி. கோவை, திருப்பூர், சேலம், தர்மபுரி எல்லாம் இதில் அடக்கம்.

மேலே மண். அதன் கீழே மக்கிய பாறை. அதற்கும் கீழே கெட்டிப் பாறை. மழைத் தண்ணீர் மக்கிய பாறையில் தேங்கும். கெட்டிப் பாறையில் வெடிப்பு இருந்தால் அதற்குள் இறங்கும். போர் அந்த வெடிப்பைத் தொட்டால் தண்ணீர். சற்றுத் தள்ளிப் போட்டால் புழுதி!

தேங்காய் எழுவது ஏன்?

கை தன்னை அறியாமல் லேசாக அசைகிறது. தேங்காயும் வேப்பங்குச்சியும் அதில்தான் திரும்புகின்றன என்பது விஞ்ஞானிகள் சொல்லும் காரணம்.

ஜெர்மனியில் மியூனிக் அருகே 1987, 1988-ம் ஆண்டுகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நீரோட்டம் பார்ப்பவர்களில் தேறிய 43 பேரைப் பொறுக்கி எடுத்து 843 முறை சோதனை. சிலருக்குத் திறமை உண்டு என்றார்கள் நடத்தியவர்கள். பிறகு என்ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதே கணக்கைப் புரட்டிப் பார்த்தார். குருட்டாம்போக்கில் சொல்வதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று முடிவு சொன்னார்!

"எங்க ஊர்ல பலிச்சுதே!" என்பீர்கள். ஆற்று மணல் படிந்த ஊரில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். அங்கே தேங்காய்க்கு வேலையே இல்லை.

4 முளை அடித்து...

எலக்ட்ரிக்கல் முறையில் பார்ப்பவர்கள் நிலத்தில் 4 இரும்பு முளைகளை அடிக்கிறார்கள். வெளி முளை இரண்டின் வழியே மின்சாரம் பாயும். உள் முளை இரண்டிலும் அளவு எடுப்பார்கள். முளைகளைத் தள்ளித் தள்ளி அடிக்க, இன்னும் ஆழத்தின் சேதி கிடைக்கும். காய்ந்த கெட்டிப் பாறை மின்சாரத்தைத் தடுக்கும். தண்ணீர் உள்ள வெடிப்பு விட்டுக்கொடுக்கும்.

இதுவும் மந்திரம் அல்ல. களிமண்ணும் உப்புத் தண்ணீரும் கருவியை ஏமாற்றும். அதனால் அக்கம்பக்கத்துப் போர்களையும் விசாரிக்க வேண்டும். எத்தனை அடியில் தண்ணீர் வந்தது? சித்திரையில் நின்றதா, ஓடியதா? இந்த விசாரணைக்குக் காலணா செலவு இல்லை!

"போடாதீங்க!"

மளிகைக் கடைக்காரர் இரண்டாவது போருக்கும் கடன் கேட்டு அலைந்தார். மனைவி விடவில்லை. "முதல்ல மிஷின் வெச்சுப் பாருங்க" என்று மல்லுக்கு நின்றார். பார்த்தார்கள். "இந்தப் பூமியிலே போர் வேண்டாம். பழைய கிணத்தைத் தூர் வாருங்க" என்று பதில் வந்தது.

"தண்ணி இல்லேன்னு சொன்னதுக்கும் காசு குடுத்தேனுங்க. ஆனா அடுத்த நகை தப்பிச்சுது" என்கிறார் அவர் இப்போது.

கடைசியாக ஒன்று. தண்ணீர் வராத குழியைச் சாக்குப் போட்டு மூடிவிட்டுப் போகாதீர்கள். 2019-ல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட போர்க் குழி ஒரு 2 வயதுக் குழந்தையை விழுங்கியது. மண்ணும் கல்லும் கொட்டி, அடி முதல் நுனி வரை நிரப்புங்கள்.

பணம் போனால் சம்பாதிக்கலாம்!