நேத்து ஃப்ளஷ்... இன்னிக்கு ஃப்ரெஷ்!

போன செமஸ்டரில் ஒருநாள் காலை, எங்கள் ஹாஸ்டலில் ஃப்ளஷ்ஷை அமுக்கினால் தண்ணீரோடு அழுகின முட்டை நாற்றமும் சேர்ந்து வந்தது. 'மெஸ்ல நேத்து போட்ட ஆம்லெட்டோட ஆவிடா மச்சி!' என்று ஃப்ளோர் முழுக்க கமெண்ட். நாலாவது நாள் சிரிப்பு நின்றது. வார்டனிடம் போய் நின்றோம். அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது, ஃப்ளஷ்ஷில் வருவது போர்வெல் தண்ணீரே இல்லை. நேற்று நாம் குளித்த, துவைத்த, மற்றபடி உபயோகித்த அதே தண்ணீர். ஹாஸ்டலுக்குப் பின்னால் இருக்கும் எஸ்.டி.பி.யில் சுத்தமாகித் திரும்ப வருகிறது!

மூன்று வருஷமாக கிரிக்கெட் பந்து விழுந்தால் மட்டும் எட்டிப் பார்க்கிற காம்பவுண்ட் அது. அன்று கேட் வழியாகவே போனோம். ஆபரேட்டர் அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "என்ன தம்பி, பந்தா?" என்றார்.

"இல்லண்ணே, நாத்தம்!"

சாக்கடையில் சாக்கடை எவ்வளவு?

முதலில் ஒரு கணக்கு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று வைத்துத்தான் நம் ஊரில் திட்டம் போடுகிறார்கள். அதில் சுமார் 80 சதவிகிதம் கழிவுநீராகத் திரும்புகிறது. எங்கள் ஹாஸ்டலில் 800 பேர். ஆக, தினமும் 86,000 லிட்டருக்கு மேல்! இன்னொரு ஆச்சர்யம்... வீட்டுச் சாக்கடையில் 99.9 சதவிகிதம் வெறும் தண்ணீர்தான். மீதி 0.1 சதவிகிதத்தோடுதான் சண்டையே.

ரவுண்டு ஒன்று: சல்லடை

முதலில் கம்பிச் சல்லடை. ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் கவர், நாப்கின், அறுந்த ஹெட்போன் வயர் எல்லாம் அங்கே சிக்கியிருந்தன. அண்ணன் இரும்பு வாரியால் அவற்றை இழுத்துப் போட்டுக்கொண்டே, "பாத்ரூம்ல குப்பைத்தொட்டி இல்லையா தம்பி?" என்றார். தொட்டி இருக்கிறது. பதில்தான் இல்லை.

அடுத்து மணல் தங்கும் தொட்டி. இங்கே மணல் அடியில் உட்காராவிட்டால் பம்ப்பைத் தேய்த்துத் தின்றுவிடும். மெஸ் தண்ணீருக்கு மட்டும் தனியாக எண்ணெய் பிரிக்கும் தொட்டி. நகரத்துப் பெரிய நிலையங்களில் இதற்கப்புறம் ஒரு படிவுத் தொட்டியும் உண்டு. இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீரை அசையாமல் வைத்தால் கனமான கசடு கீழே இறங்கிவிடும்.

ரவுண்டு இரண்டு: கோடிக்கணக்கில் வேலையாட்கள்

கரைந்து கிடக்கும் அழுக்கு சல்லடைக்கு மாட்டாது. அதற்குத்தான் பாக்டீரியா. ஏரேஷன் டேங்க்கில் அடியிலிருந்து ப்ளோயர் காற்றை ஊத, தொட்டி முழுக்கக் கொதிப்பது போல் குமிழி. ஆக்ஸிஜன் கிடைத்த பாக்டீரியா, அழுக்கைத் தின்று பெருகி, சின்னச் சின்னத் திட்டாகக் கட்டிக்கொள்ளும். அடுத்த தொட்டியில் காற்று கிடையாது. திட்டுகள் கீழே உட்கார, மேலே தெளிந்த தண்ணீர் வழியும். உட்கார்ந்த கசடில் ஒரு பங்கை மறுபடி ஏரேஷன் டேங்க்குக்கே அனுப்புவார்கள். ஏற்கெனவே வேலை பழகிய ஆட்களை விட முடியுமா?

இந்த ஐடியாவை 1914-ல் சொன்னவர்கள் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த ஆர்டெர்ன், லாக்கெட். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவுலர் பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கே பேராசிரியராக வந்தார். நூறு வருஷம் தாண்டியும் உலகம் முழுக்க இதே டெக்னிக்தான் ஓடுகிறது.

அண்ணனுக்கு ஆர்டெர்னைத் தெரியாது. ஆனால், தொட்டியைப் பார்த்தே ஜாதகம் சொல்கிறார். "நல்லா இருந்தா சாக்லேட் கலர், மழை பெஞ்ச மண்ணு வாசம் வரும். கருப்பாயி முட்டை நாத்தம் வந்தா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம்." ஒரு லிட்டர் ஜாடியில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து அரை மணி நேரம் வைத்துக் காட்டினார். கசடு எவ்வளவு உயரத்துக்கு உட்காருகிறது என்று பார்ப்பதுதான் தினசரி டெஸ்ட். நாங்கள் லேபில் ரெக்கார்டு நோட்டுக்காகச் செய்வதை, அவர் எட்டு வருஷமாகத் தினமும் செய்கிறார்.

நாற்றத்தின் ரகசியம்

அப்படியானால் எங்கள் தொட்டிக்கு ஏன் மூச்சு முட்டியது? கரன்ட் பில்லை மிச்சம் பிடிக்க, ராத்திரியில் ப்ளோயரை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். ஏரேஷன் டேங்க்குக்கு ப்ளோயர்தான் நுரையீரல். சில மணி நேரம் நின்றாலே ஆக்ஸிஜன் தீர்ந்து, காற்று வேண்டாத வேறு கிருமிகள் ஆட்சிக்கு வரும். அவை விடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதுதான் முட்டை நாற்றம்.

அந்த வாயு நாற்றத்தோடு நிற்காது, ஆளையே கொல்லும். அளவு கூடினால் முதலில் மூக்கை மரத்துப்போக வைக்கும். 'நாத்தம் போயிடுச்சு' என்று நினைக்கிற நேரம்தான் உச்ச ஆபத்து. செப்டிக் டேங்க்கில் ஒருவர் விழ, காப்பாற்ற இறங்கியவரும் சாவது இதனால்தான்.

"போன வருஷம் பம்பு அடைச்சிக்கிச்சு. இறங்கி எடுத்துருன்னாங்க. வண்டி வரவைங்க, நான் இறங்க மாட்டேன்னுட்டேன். ரெண்டு நாள் திட்டு. பரவால்ல, வீட்ல ரெண்டு புள்ளைங்க இருக்கு" என்றார் அண்ணன், சாதாரணமாக.

அவர் சொன்னதுதான் சட்டமும். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ ஆளை இறக்கினால், முதல் முறைக்கே 2 வருஷம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆளுக்குப் பதிலாக இறங்க ஐ.ஐ.டி. மெட்ராஸ்காரர்கள் 'ஹோமோசெப்' என்ற ரோபோவையே செய்திருக்கிறார்கள். ஃபைனல் இயர் பிராஜெக்ட் தேடுகிறவர்கள் கவனிக்க!

ரவுண்டு மூன்று: பாலிஷ்

தெளிந்த தண்ணீர் மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர் தாண்டி, குளோரின் குளியல் போட்டு, மொட்டை மாடி டேங்க்குக்கு ஏறுகிறது. ஃப்ளஷ்ஷுக்கும் தோட்டத்துக்கும் இது போதும். மிஞ்சிய கசடு காய்ந்து உரமாகிறது. பெரிய நிலையங்களில் அதைக் காற்றுப்புகாத கலனில் ஊறவைத்து மீத்தேன் எடுக்கிறார்கள். சென்னை கோயம்பேடு, கொடுங்கையூரில் அந்த வாயுவில் மின்சாரமே தயாரிக்கிறார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போனால் ஆர்.ஓ. சென்னை 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது ஞாபகம் இருக்கிறதா? அதே வருஷம் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை தினமும் ஆர்.ஓ. தண்ணீராக்கும் நிலையங்கள் வந்தன. ஒரு நிலையத்தின் ஒரு நாள் வேலை, அப்படிப்பட்ட 18 ரயிலுக்குச் சமம்! தண்ணீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மிச்சம். நமீபியாவின் விண்ட்ஹோக் நகரத்தில் 1968-லிருந்து இப்படிச் சுத்தம் செய்ததைக் குடிக்கவே தருகிறார்கள்.

கடைசியாக...

நாங்கள் ஒரு லெட்டர் எழுதி, 300 பேர் கையெழுத்து வாங்கினோம். ப்ளோயர் இப்போது ராத்திரியும் ஓடுகிறது. பத்தே நாளில் நாற்றம் போய்விட்டது. பாத்ரூம் கதவுகளில் 'கவரை உள்ளே போடாதே மச்சி, அதை ஒரு அண்ணன் கையால் எடுக்கிறார்' என்று ஒட்டியிருக்கிறோம்.

போன வாரம் மறுபடி போனேன். தொட்டி சாக்லேட் கலரில் கொதித்துக்கொண்டிருந்தது. சல்லடையில் ரெண்டே ரெண்டு ஷாம்பு பாக்கெட்.

"என்ன தம்பி, நாத்தமா?"

"இல்லண்ணே... இன்னிக்கு பந்துதான்!"