ஒரு மாலை, நான்கு கேள்விகள்: சுயமரியாதைத் திருமணத்தை ஆய்வாளர்கள் எப்படிப் படிக்கிறார்கள்?

ஊரே கூடி நடந்த கல்யாணம். பத்திரிகை அடித்தார்கள், மேடை போட்டார்கள், மாலை மாற்றினார்கள், தலைவர்கள் வாழ்த்திப் பேசினார்கள். தம்பதி குடும்பம் நடத்தினார்கள், குழந்தைகளும் பிறந்தார்கள். ஆனால், சொத்துத் தகராறு கோர்ட்டுக்குப் போனதும் கேள்வி வந்தது: "இது கல்யாணமே இல்லையே?"

1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சொன்னது. 1930-களில் நடந்த கல்யாணம் அது. செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்றின் சொத்து வழக்கில் அது கேள்விக்குள்ளானது. புரோகிதர், அக்னி, மந்திரம் இல்லாமல் தமிழ்நாடு முழுக்க நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் அந்தத் தீர்ப்பால் சட்டத்தின் முன் ஆட்டம் கண்டன. மனைவிக்கு மனைவி என்ற அந்தஸ்து உண்டா, பிள்ளைகளுக்குச் சொத்தில் பங்கு உண்டா என எதுவும் உறுதியாக இல்லை.

சட்டம், சமூகம், பண்பாடு, வரலாறு ஆகிய நான்கும் சேர்ந்த துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடங்களில் இந்தக் கல்யாணமும் ஒன்று. 'அதான் சட்டம் வந்து சரியாயிடுச்சே, இதில் ஆராய என்ன இருக்கு?' என்று தோன்றலாம். ஒவ்வொரு கேள்வியாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி, சட்டம்: கோர்ட் ஏன் ஏற்கவில்லை?

அப்போதைய இந்துச் சட்டத்தில் ஒரு திருமணம் செல்ல இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று, சாஸ்திரப்படியான சடங்குகள். இன்னொன்று, அந்தச் சமூகத்தின் வழக்கம். புரோகிதர் இல்லாமல் கல்யாணம் நடத்துவது பல சாதிகளில் காலங்காலமாக இருந்ததுதான். 'இது எங்கள் வழக்கம்' என்று அவர்கள் நிரூபித்தால் கோர்ட்டும் ஏற்கும்.

சுயமரியாதைத் திருமணத்துக்குச் சிக்கலே அங்கேதான். வழக்கம் என்றால் நெடுங்காலமாக, தொடர்ச்சியாக நடந்து வந்திருக்க வேண்டும். இதுவோ பழைய வழக்கத்தை உடைக்கவே புதிதாகத் தொடங்கப்பட்ட முறை. வழக்கத்தை எதிர்த்து வந்தவர்களிடம் 'உங்கள் வழக்கம் எத்தனை தலைமுறை பழையது?' என்று கேட்டால் என்ன பதில் சொல்ல முடியும்? ஒரு இயக்கம் புதிதாக ஏற்படுத்திய முறை 'வழக்கம்' ஆகாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

1955-ல் வந்த இந்து திருமணச் சட்டமும் இதைத் தீர்க்கவில்லை. அதன் 7-வது பிரிவு, மணமக்களில் ஒருவரது வழக்கப்படியான சடங்குகளோடு திருமணம் நடக்கலாம் என்கிறது. அதே சட்டத்தின் 3-வது பிரிவு, வழக்கம் என்றால் நீண்ட காலம் தொடர்ந்து பின்பற்றப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆக, பழைய சிக்கல் புதிய சட்டத்திலும் தொடர்ந்தது.

'ரிஜிஸ்டர் மேரேஜ் பண்ணியிருக்கலாமே?' என்று கேட்கலாம். 1872-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி மணம் முடிக்க, இந்து, கிறிஸ்தவம், இஸ்லாம் உள்ளிட்ட மதங்களைச் சேர்ந்தவர் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 1923-ல் அதைத் திருத்தி இந்துக்கள் இந்துவாகவே மணக்க வழி செய்தார்கள். ஆனால் அப்படி மணந்தவர் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். சொத்துள்ள குடும்பங்களில் இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது கேள்வி, வரலாறு: எப்படி மாறியது?

சுயமரியாதை இயக்கத்தின் முதல் திருமணம் என்று பரவலாகச் சொல்லப்படுவது, 1928-ல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்தது. அடுத்த ஆண்டே, 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு கூடியது. பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்ற தீர்மானம் அங்கே வந்தது. திருமண முறையும் சொத்துரிமையும் தொடக்கம் முதலே ஒன்றாகப் பேசப்பட்டவை என்பது இதிலிருந்து தெரிகிறது.

1967-ல் அண்ணா தலைமையில் தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும், அதே ஆண்டில் இந்து திருமணச் சட்டத்துக்கு மாநிலத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இதுதான் 7-ஏ பிரிவு. 'சுயமரியாதைத் திருமணம்', 'சீர்திருத்தத் திருமணம்' என்ற தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலச் சட்ட வாசகத்துக்குள்ளேயே அப்படியே நுழைந்தன.

7-ஏ சொல்வது எளிமையானது. உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவிக்கலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம். அல்லது தாலி கட்டலாம். இதில் எது நடந்தாலும் போதும். நடுவில் இருக்கும் 'அல்லது' முக்கியம். 'மற்றும்' என்று இருந்திருந்தால் தாலியும் கட்டாயமாகியிருக்கும்.

இன்னொரு விஷயம், இந்தத் திருத்தம் பின்னோக்கியும் செல்லும். 1968-க்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அது அறிவித்தது. ஆனால் விதிவிலக்கு உண்டு. அதற்குள் சட்டப்படியோ வழக்கப்படியோ முறிந்துபோன திருமணங்களும், அந்தப் பெண் வேறொருவரைச் சட்டப்படி மணந்துவிட்டிருந்தால் அவரது முந்தைய திருமணமும் இதில் சேராது. 'செல்லாது' என்று சொல்லப்பட்ட காலத்தில் எத்தனை குடும்பங்கள் என்னென்ன முடிவு எடுத்திருக்கும் என்பதை இந்தச் சின்ன விதிவிலக்கே யோசிக்க வைக்கிறது.

மூன்றாவது கேள்வி, சமூகம்: யார் யாரை மணந்தார்கள்?

இங்கேதான் ஆய்வாளரின் வேலை கடினமாகிறது. அவருக்குக் கிடைக்கும் முக்கியமான ஆவணங்கள் இரண்டு வகை. ஒன்று, 1925-ல் தொடங்கிய 'குடி அரசு' போன்ற இயக்க இதழ்களில் வந்த திருமணச் செய்திகள். இன்னொன்று, நீதிமன்ற ஆவணங்கள்.

இரண்டும் வேறு வேறு உண்மைகளைச் சொல்கின்றன. இதழில் வருவது கல்யாண நாளின் மகிழ்ச்சி. விதவை மறுமணம், சாதி மறுப்புத் திருமணம் என்றால் அது பெருமையாகக் குறிப்பிடப்படும். அந்தத் தம்பதி பத்து வருஷம் கழித்து எப்படி இருந்தார்கள் என்று இதழ் சொல்லாது. கோர்ட் ஆவணமோ தகராறு வந்த பிறகுதான் உருவாகிறது. அதை மட்டும் படித்தால் எல்லாக் கல்யாணமும் சண்டையில் முடிந்ததுபோலத் தெரியும். சத்தமில்லாமல் சேர்ந்து வாழ்ந்து முடித்தவர்கள் இரண்டிலுமே இல்லை.

அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. மொழிச் சிக்கலும் உண்டு. சாட்சி தமிழில் சொன்னது மேல்முறையீட்டில் ஆங்கிலமாகிவிடும். கிராமத்துக்காரர் 'சேர்த்துக்கிட்டாரு' என்று சொல்லியிருந்தால் அதை எப்படி மொழிபெயர்ப்பது? மொழிபெயர்ப்பாளர் எந்த வார்த்தையைப் போடுகிறாரோ அதைப் பொறுத்து அந்தப் பெண் மனைவியாகவோ வைப்பாகவோ மாறிவிடலாம்.

வரலாற்றாசிரியர் மைதிலி ஸ்ரீனிவாஸ் 2008-ல் எழுதிய நூல், காலனிய காலத் தமிழகத்தில் குடும்பம் என்ற கருத்து சொத்தோடும் சட்டத்தோடும் சேர்ந்து எப்படி மாறியது என்று பார்க்கிறது. எஸ். ஆனந்தி 1991-ல் எழுதிய கட்டுரை, திராவிட இயக்கத்தில் பெண்கள் கேள்வி எப்படி எழுந்தது என்று ஆராய்கிறது. சாரா ஹாட்ஜஸ் சுயமரியாதை இயக்கத்தின் குடும்ப வாழ்க்கை பற்றி எழுதியிருக்கிறார். சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவு எண்ணாக இருப்பதை மனிதர்களின் வாழ்க்கையாகப் படிக்க இவை உதவுகின்றன.

நான்காவது கேள்வி, பண்பாடு: சடங்கை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்?

சுயமரியாதைத் திருமணம் ஒரு பொதுக்கூட்டம் போலவும் நடந்தது. தலைமை தாங்க ஒருவர், வாழ்த்துரை வழங்கப் பலர். பெண் விடுதலை, சாதி, மூடநம்பிக்கை எல்லாம் மேடையில் பேசப்பட்டன. ராகு காலத்தில் கல்யாணம் வைப்பதே ஒரு அறிவிப்பாக இருந்தது. 'வாழ்க்கை ஒப்பந்தம்' என்ற சொல்லும் அப்படித்தான். ஒப்பந்தம் என்றால் இரண்டு பேரும் சமம், தேவைப்பட்டால் முறித்துக்கொள்ளவும் முடியும்.

அப்படியென்றால் சடங்கு ஒழிந்ததா, வேறு சடங்கு வந்ததா? மாலை, மேடை, தலைவர், உறுதிமொழி எல்லாம் திரும்பத் திரும்ப ஒரே வரிசையில் நடந்தால் அதுவும் ஒரு முறைதானே? பண்பாட்டு ஆய்வாளர்கள் இதை விமர்சனமாக மட்டும் கேட்பதில்லை. கல்யாணத்தை நாலு பேர் பார்க்க நடத்த வேண்டும் என்ற எண்ணம், புரோகிதரை விலக்கிய பிறகும் ஏன் போகவில்லை என்பதே அவர்களின் கேள்வி.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

அந்த 'நாலு பேர்' கேள்விதான் சமீபத்தில் மறுபடி கோர்ட்டுக்கு வந்தது. வழக்கறிஞர் அலுவலகத்தில் ரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தைத் தவறு என்றது. 7-ஏ பிரிவில் ஊரறிய அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. குடும்ப எதிர்ப்புக்குப் பயந்து மணப்பவர்களை ஊரறிய அறிவிக்கச் சொன்னால் அவர்கள் உயிருக்கே ஆபத்து வரலாம். வழக்கறிஞர்களும் நண்பராகவோ உறவினராகவோ தனிப்பட்ட முறையில் திருமணத்தை நடத்தி வைக்கலாம் என்றும் நீதிபதிகள் எஸ். ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வு தெளிவாக்கியது.

இதற்கு நேர் எதிர்த் திசையிலும் இந்தப் பிரிவு பயன்பட்டிருக்கிறது. முதல் மனைவி உயிரோடு இருக்க, இரண்டாவது மணம் செய்தவர் மீதான வழக்கு ஒன்று 2001-ல் உச்ச நீதிமன்றம் வந்தது. 'சப்தபதி நடக்கவில்லை, எனவே அது கல்யாணமே இல்லை, நான் குற்றவாளியும் இல்லை' என்பது அவர் தரப்பு வாதம். தமிழ்நாட்டில் 7-ஏ இருப்பதால் சப்தபதி கட்டாயமில்லை, அந்தத் திருமணம் நடந்ததுதான், எனவே குற்றமும் குற்றம்தான் என்றது நீதிமன்றம். சடங்கு இல்லை என்ற காரணத்தால் 1953-ல் மனைவி இடத்தை இழந்த பெண் ஒருவர். அதே காரணத்தைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்த கணவரை 2001-ல் நிறுத்திய பெண் இன்னொருவர். இரண்டுக்கும் நடுவில் இருப்பது 1967-ன் ஒரு திருத்தம்.

தீர்ப்பை மட்டும் படிக்கும் சட்ட மாணவருக்கு இது 7-ஏ. பழைய இதழைப் புரட்டும் வரலாற்று மாணவருக்கு இது ஓர் இயக்கத்தின் கதை. வழக்கறிஞர் அலுவலகத்தில் மாலையோடு நிற்கும் ஒரு ஜோடிக்கு இது வேறு: வெளியே உறவினர்கள் தேடிக்கொண்டிருக்கும்போது, உள்ளே நடந்தது கல்யாணம்தானா, போலீஸ் ஸ்டேஷனில் அதைச் சொல்ல முடியுமா என்ற கேள்வி.

அந்த ஜோடி அடுத்துப் போக வேண்டிய இடம் பதிவுத்துறை அலுவலகம். 2009-ம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். அந்தக் கவுன்ட்டரில் என்ன ஆவணம் கேட்கிறார்கள், யாரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதைத் தீர்ப்புத் தொகுப்பில் தேடினால் கிடைக்காது. அங்கே போய் உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும். இந்தத் துறைக்கு வரும் அடுத்த மாணவருக்கு ஆய்வுத் தலைப்பு அங்கேயே இருக்கிறது.