ஒரு கிலோ தேயிலையின் ஜாதகம்

போனக்காடு எஸ்டேட்டில் கவாத்து செய்ய ஆளில்லாத தேயிலைச் செடிகள் மரங்களாகிவிட்டன. இடுப்பளவில் நின்றிருக்க வேண்டியவை, ஆள் உயரம் தாண்டிக் காட்டோடு கலந்து நிற்கின்றன. தொழிற்சாலையில் எந்திரங்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில், அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில், பிரிட்டிஷார் காட்டை வெட்டி உருவாக்கிய தோட்டம் இது. கொழுந்து பறிக்க மலையேறிய தமிழ்க் குடும்பங்களின் சந்ததியினர் இன்னமும் லயங்களில் இருக்கிறார்கள். சம்பள பாக்கியும் பணிக்கொடையும்தான் வந்து சேரவில்லை.

இங்கே தயாரான ஒரு கிலோ தேயிலை சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு செலவு வைத்தது? சுற்றுச்சூழல் விஞ்ஞானிகளிடம் இதற்கு ஒரு முறை இருக்கிறது. வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். ஒரு பொருள் மண்ணில் பிறந்து குப்பையில் சேரும்வரை தின்ற எரிபொருள், குடித்த தண்ணீர், கக்கிய புகை எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுவது. 1969-ல் கோகோ கோலா நிறுவனம் எந்தக் கொள்கலன் மேல் என்று அறிய அமெரிக்காவில் நடத்திய ஆய்வுதான் இதன் முன்னோடி. 1997-ல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு இதற்கு விதிமுறை வகுத்தது.

கேட்க எளிது, கணக்குப் போடும்போதுதான் தலை சுற்றும். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். வித்தியாசமான மூன்றரை கிலோவும் பெரும்பாலும் தண்ணீர். அதை ஆவியாக்க வேண்டும். வாட்டும் தொட்டிகளின் விசிறிகளுக்கும் அரைக்கும் எந்திரத்துக்கும் மின்சாரம், உலர்த்தும் அடுப்புக்கு விறகு. வெட்டிய மரம் மீண்டும் வளர்கிறதென்றால் விறகிலிருந்து வரும் கரிவாயுவைச் சுழியம் என்றே எழுதுவது வழக்கம். வளர்கிறதா என்பதை யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

அடுத்தது உரம். செடிக்குப் போடும் நைட்ரஜனில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. பூமியைச் சூடேற்றுவதில் அது கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு வல்லது. எவ்வளவு கலக்கிறது? நூற்றுக்கு ஒன்று என்று உலகம் முழுவதற்கும் பொதுவாகக் கொண்டார்கள். 2019-ல் ஐ.நா. வல்லுநர் குழு இதைத் திருத்தியது. மழை அதிகமுள்ள பகுதியில் ரசாயன உரத்துக்கு 1.6, வறண்ட பகுதியில் 0.5. மழை கொட்டும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் ராஜஸ்தானுக்கும் ஒரே எண்ணைப் போட்டால் விடை எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

தேசிய அளவில் ஒரு தகவல் தொகுப்பு வேண்டும் என்ற வாதம் இங்கேதான் வலுப்பெறுகிறது. மின்சாரம், சிமென்ட், உரம், லாரிப் போக்குவரத்து ஆகிய ஒவ்வொன்றின் கணக்கையும் ஒருமுறை ஒழுங்காக எழுதிவைத்தால், தேயிலைக்காரரும் சட்டைக்காரரும் அதை எடுத்துக்கொள்ளலாம். ஜப்பான் 1998-ல் இதற்கென தேசியத் திட்டம் தொடங்கியது. அமெரிக்கா 2001-ல் இறங்கியது. சுவிட்சர்லாந்தின் 'ஈக்கோஇன்வென்ட்' 2003-ல் வெளியாகி, உலக ஆய்வாளர்களின் அகராதியே ஆகிவிட்டது. இந்திய எண் கிடைக்காதபோது ஐரோப்பிய எண்ணை இரவல் வாங்கிப் போடுவது பழக்கமாயிற்று. பின்னர் சுவிஸ் அரசின் நிதியுதவியில் நடந்த திட்டம் ஒன்றில் இந்தியத் தகவல்களும் அந்தத் தொகுப்பில் சேர்க்கப்பட்டன. நம் நாட்டுக் கணக்கை நாம் சந்தா கட்டிப் படிக்கிறோம்.

இந்தியாவிடம் எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. மத்திய மின்சார ஆணையம் 2006 முதல் மின் நிலையங்களின் கரிவாயுக் கணக்கை இலவசமாகவே வெளியிடுகிறது. ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ. 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின் தொடர் தேசியத் தொடருடன் இணைந்தபின், இடுக்கியின் நீர் மின்சாரமும் சத்தீஸ்கரின் நிலக்கரி மின்சாரமும் ஒரே எண்ணுக்குள் அடக்கம். சராசரி என்பது வசதியானது, நியாயமானதுதானா என்பது வேறு விஷயம்.

1991-ல் மத்திய அரசு மண்பானைச் சின்னத்துடன் 'ஈகோமார்க்' முத்திரையை அறிமுகம் செய்தபோதே, பொருளைப் பிறப்பிலிருந்து முடிவுவரை எடைபோடுவோம் என்றது. முத்திரை வாங்க வந்தவர்கள் மிகச் சிலரே. 2024-ல் புதிய விதிகள் வந்தன. அதற்குள் நெருக்கடி வெளியிலிருந்து வந்துவிட்டது. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் முதலியவற்றை இறக்குமதி செய்தால் அவற்றின் கரிவாயுவுக்கும் விலை கொடு என்கிற ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏற்பாடு 2026 ஜனவரியில் முழு அமலுக்கு வந்தது. நம்பத்தகுந்த சொந்தக் கணக்கு இல்லாத சரக்குக்கு அவர்களே ஒரு எண் வைப்பார்கள். அதன்மேல் கூடுதலும் உண்டு. தேயிலை அந்தப் பட்டியலில் இல்லை, இப்போதைக்கு.

ஆனால் எந்தத் தொகுப்பும் போனக்காட்டை முழுசாகப் பிடித்துவிடாது. காட்டை அழித்த பாவத்தை 20 ஆண்டுகளுக்குப் பங்கிட்டு எழுதுவதுதான் பொதுவான விதி. பிரிட்டிஷார் வெட்டிய காடு ஆகவே கணக்கில் இல்லை. அந்தக் காடு இந்த மலைத்தொடரின் நீர்ப்பிடிப்பின் ஒரு பகுதி. மலையில் பிறக்கும் கரமனை ஆற்றின் பேப்பாறை அணைதான் திருவனந்தபுரம் நகருக்குத் தண்ணீர் தருகிறது. உற்பத்தியே இல்லாத தோட்டத்தில் ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று வகுக்கவும் முடியாது, வகுக்கும் எண் சுழியம் என்பதால்.

லயத்தில் இருப்பவர்களுக்கும் கட்டம் கிடையாது. கூலி, வீடு, பணிப் பாதுகாப்பு ஆகியவற்றையும் பொருளின் ஜாதகத்தில் எழுதலாம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2009-ல் வழிகாட்டி நூல் வெளியிட்டது. அதைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. தேசியத் தொகுப்பைப் பற்றிப் பேசுகிறவர்களும் முதலில் மின்சாரம், சிமென்ட், இரும்பு என்றுதான் வரிசை போடுகிறார்கள்.