ஆற்றோர ஊர்கள் – 9: கீழே கடை, மேலே யார்?

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் கட்டடம் வாங்க வருகிறவர்கள் மாடியைப் பற்றிக் கேட்பது அபூர்வம். ஐந்தடி நடைபாதையை ஒட்டிய கீழ்க்கடைக்கு வாடகை எவ்வளவு, எத்தனை வருட ஒப்பந்தம், நோன்பு மாதத்தில் முன்வாசலை உள்வாடகைக்கு விட முடியுமா? பேச்சு இதோடு முடிந்துவிடும். தரகரும் மேலே ஏறிக் காட்ட மாட்டார். மேலே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பினால் நாம்தான் ஏற வேண்டும்.

சென்ற வாரம் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பார்த்த அதே ஆறுதான் இங்கும் ஓடுகிறது, மேல்கையில். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் மஸ்ஜித் ஜாமெக் முனையில் கூடுகின்றன. அந்தக் கூடலுக்கு வடக்கே, இரண்டு ஆறுகளுக்கும் நடுவே நாக்குபோல நீண்டு கிடக்கிற நிலத்தில் இருக்கிறது மஸ்ஜித் இந்தியா. இத்தனை நெருக்கமாகத் தண்ணீர் இருந்தும் இதை ஆற்றோர ஊர் என்று யாரும் சொல்வதில்லை. காரணம் எளிது. கடைகளின் முகம் தெருவைப் பார்க்கிறது. முதுகுதான் ஆற்றைப் பார்க்கிறது. 1881-இல் கோலாலம்பூர் முதலில் தீயிலும், அதே ஆண்டு இறுதியில் வெள்ளத்திலும் அழிந்து, பிறகு செங்கல்லும் ஓடுமாக எழுந்தபோதே ஆறு கொல்லைப்புறம் ஆகிவிட்டது.

மஸ்ஜித் இந்தியா பள்ளிவாசல் அந்தச் செங்கல் நகரத்துக்கும் மூத்தது. இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1863-இல் மரத்தில் கட்டியது. இப்போது நிற்கும் கட்டடம் 1960-களில் எழுந்தது. வெள்ளிக்கிழமை இங்கே தமிழில் குத்பா கேட்கலாம். ஜும்ஆ நேரத்தில் தெரு நிறைந்து வழியும். ஆனால் தொழுகை முடிந்ததும் கூட்டம் மஸ்ஜித் ஜாமெக் எல்ஆர்டி நிலையத்துக்கும், கார் நிறுத்துமிடங்களுக்கும் கலைகிறது. செலாயாங், கோம்பாக், அம்பாங், ஷா ஆலம் என்று அவரவர் வீடு எங்கோ இருக்கிறது. மாடிப்படி ஏறி வீட்டுக்குப் போகிற தொழுகையாளி இப்போது அரிது.

ஒரு காலத்தில் எல்லோரும் மேலேதான் இருந்தார்கள். ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த துணிக்கடைக்காரர், சிந்திக்காரர், பஞ்சாபிக்காரர், சொங்கோக் தொப்பி தைப்பவர், முடிதிருத்துபவர் என்று யாராக இருந்தாலும் கீழே தொழில், மேலே குடும்பம். அதைச் சாத்தியமாக்கியது ஒரு சட்டம். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைப் பூட்டி வைத்தது. அப்பா கொடுத்த சொற்ப வாடகையையே மகனும் கொடுத்தார். உரிமையாளருக்குக் கூரை மாற்றக்கூட அந்தப் பணம் பற்றாது. அதனால் கூரை மாறவும் இல்லை. சுவரில் ஆலஞ்செடி முளைத்தது, பலகைத் தளம் உளுத்தது. ஆனால் குடும்பங்கள் இருந்தன. மாடியில் பிரசவம் நடந்தது, கல்யாணப் பந்தி நடந்தது, மையித்தும் அந்தக் குறுகிய படியில்தான் இறங்கியது.

சட்டம் 1997-இல் நீக்கப்பட்டது. மாற்றத்துக்கென்று கொடுத்த அவகாசம் 1999 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது வாடகை சந்தை விலைக்குத் தாவியது. வயதானவர்கள் முதலில் கிளம்பினார்கள். கொஞ்சம் சேமிப்பு இருந்தவர்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் ரவாங்குக்கும் போய் வீடு வாங்கினார்கள். வாடகைக் கட்டுப்பாட்டை எடுத்தால் பழைய கட்டடங்கள் பழுது பார்க்கப்படும் என்றுதான் அன்று வாதிட்டார்கள். கீழ்த்தளத்தில் அது நடந்தது: கண்ணாடி, குளிர்சாதனம், பளபளக்கும் பெயர்ப்பலகை. மேல்தளத்தில் நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கடைவீட்டின் விலை வாடகையிலிருந்து பிறக்கிறது. ஓர் உதாரணத்துக்கு, கீழ்க்கடை மாதம் 10,000 வெள்ளி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,20,000. முதலீட்டாளர் 4 விழுக்காடு வருமானம் போதும் என்று நினைத்தால் அந்தக் கட்டடத்துக்கு 30 லட்சம் வெள்ளி கொடுப்பார். மாடியைச் சீர்செய்து ஒரு குடும்பத்துக்கு விட்டால் கிடைக்கும் சில நூறு வெள்ளி இந்தக் கணக்கில் ஒரு மூலைக்குக்கூட வராது. ஆனால் சீரமைக்கும் செலவு? தீயணைப்பு விதி, புதுப் படிக்கட்டு, கழிவுநீர்க் குழாய், மின் இணைப்பு எல்லாம் சேர்ந்தால் பல ஆண்டு மாடி வாடகையை விழுங்கிவிடும். ஆகவே மாடி ஒன்று கிடங்காகிறது, அல்லது படுக்கைக் கணக்கில் வாடகைக்குப் போகிறது.

வீட்டுக்கு இவ்வளவு, அறைக்கு இவ்வளவு என்று இங்கே யாரும் பேசுவதில்லை. ஒரு படுக்கைக்கு இவ்வளவு. இரண்டு கடைகளுக்கு நடுவே ஒருவர் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு. அடியில் துருப்பிடித்த தபால் பெட்டிகள், பூட்டு இல்லை, உள்ளே மின்சார பில்லும், பல வருடம் முன் போய்விட்ட ஒரு குடும்பத்தின் பெயருக்கு வந்த வங்கிக் கடிதமும். சுவரில் ஆள் தேவை, இடம் இருக்கிறது என்று வங்காள மொழியிலும் உருதுவிலும் தமிழிலும் மலாயிலும் ஒட்டிய காகிதங்கள். மேலே ஒரு கதவுக்கு முன்னால் குவிந்திருக்கும் செருப்புகளை எண்ணினாலே உள்ளே எத்தனை பேர் என்று தெரிந்துவிடும்.

நாடு இதைக் கவனித்த நாள் ஒன்று உண்டு. 2020 ஏப்ரல் 7. கொரோனா தொற்று கண்டதும் மஸ்ஜித் இந்தியா சாலையின் சிலாங்கூர் மென்ஷன், மலாயன் மென்ஷன் இரண்டுக்கும் கடுமையான நடமாட்டக் கட்டுப்பாடு போட்டு, முள்வேலி சுற்றினார்கள். சுமார் 6,000 பேர் உள்ளே அடைபட்டதாக அறிவிப்பு வந்தது. இரண்டே இரண்டு பழைய கட்டடங்களில்! பெரும்பாலோர் வெளிநாட்டவர் என்றும் சொன்னார்கள். ஒரு வாரத்தில் வேலி பக்கத்துத் தெருக்களுக்கும் நீண்டது. அந்த இரண்டு மென்ஷன்களும் ஒரு காலத்தில் நகரத்து நடுத்தர வர்க்கம் ஆசைப்பட்டுக் குடியேறிய நவீன மாடிவீடுகள். கீழே கடை, மேலே வீடு என்ற பழைய பழக்கத்தை உயரமாக அடுக்கிய கட்டடங்கள் என்றும் சொல்லலாம்.

இந்த ஊரின் மக்கள்தொகையை ஒரே எண்ணில் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். பட்டாவில் பெயர் இருப்பவர்கள் ஒரு கூட்டம்; அவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள், அல்லது இறந்துபோய் வாரிசுகள் பெயருக்கு மாறாமல் கிடப்பவர்கள். காலையில் ஷட்டரைத் தூக்கி இரவில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு கூட்டம். தொழவும் துணி எடுக்கவும் வருகிறவர்கள் மூன்றாவது. உண்மையில் இங்கே தூங்குகிறவர்கள் நான்காவது, வேலை அனுமதிச் சீட்டில் வந்த இளைஞர்கள். தெருவில் நடந்து பார்த்தால் ஊர் இளமையாகத் தெரியும். உரிமைப் பத்திரங்களைப் புரட்டினால் கிழடு தட்டியிருக்கும்.

நாட்டுக் கணக்கும் அதே திசையில்தான் போகிறது. மலேசியாவில் 65 வயதைத் தாண்டியோர் 2010 கணக்கெடுப்பில் 5 விழுக்காடு, 2020-இல் 6.8 விழுக்காடு. இந்திய சமூகத்தில் பிள்ளைப்பேறு விகிதம், தலைமுறையை ஈடுகட்டத் தேவையான இரண்டு பிள்ளைக்கு வெகு கீழே போய்விட்டது. இருக்கிற பிள்ளைகளும் கடைக்கு வருவதாக இல்லை. துணிக்கடையில் அளவுகோலோடு நின்ற பெரியவர் ஒருவரிடம், "பாய், மகன் வந்து பாத்துக்கிறாரா?" என்று கேட்டேன். "அவன் ஆடிட்டர் தம்பி. வருசத்துக்கு ஒரு தடவை கணக்குப் பாக்க வருவான். அதுக்கும் பீஸ் வாங்கிக்குவான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பேசிக்கொண்டே மூன்று மீட்டர் பாஜு குரோங் துணியை அளந்து கிழித்துவிட்டார்.

வியாபாரமும் முன்போல் இல்லை. 'லிட்டில் இந்தியா' என்று பேச்சுவழக்கில் இந்த வட்டாரத்துக்கு இருந்த பெயர், 2010 அக்டோபரில் பிரிக்பீல்ட்ஸில் மன்மோகன் சிங்கும் நஜிப்பும் சேர்ந்து வளைவு திறந்தபோது அதிகாரபூர்வமாக அங்கே போய்விட்டது. மலாய் வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியைப் பாங்கியின் ஆடைக்கடைகள் இழுத்துக்கொண்டன. மீதியில் ஒரு பங்கைக் கைப்பேசி. பெருநாளுக்கு முந்திய வாரங்கள்தான் இன்றும் கை கொடுக்கின்றன. ஆண்டு முழுவதற்குமான வாடகையை அந்தச் சில வாரங்களில் எடுக்கப் பார்க்கும் ஊர் இது.

இனி ஆறு. 1971 ஜனவரி வெள்ளம் கோலாலம்பூரின் நடுப்பகுதியை மூழ்கடித்தது. அதற்குப் பிறகு ஆற்றை ஆழப்படுத்தி, அகலப்படுத்தி, சிமெண்டுச் சுவர்களுக்குள் அடைத்தார்கள். 2007-இல் ஏறத்தாழ 190 கோடி வெள்ளி செலவில் 9.7 கிலோமீட்டர் நீளத்துக்கு 'ஸ்மார்ட்' சுரங்கம் திறந்தது. மேல்கையிலேயே வெள்ளத்தைப் பிடித்து நகரத்துக்கு அடியில் திருப்பிவிடும் ஏற்பாடு. அடுத்து 'ரிவர் ஆஃப் லைஃப்' திட்டம், 440 கோடி வெள்ளி. 110 கிலோமீட்டர் ஆற்றுச் சுத்திகரிப்பு, 10.7 கிலோமீட்டருக்குக் கரை அழகுபடுத்தல். 2017-இல் கூடல் முனையில் நீல விளக்கும் செயற்கைப் பனிமூட்டமும் வந்தன. படம் எடுக்கிறவர்கள் இரவில் குவிகிறார்கள். ஆற்றுக்கு எதிர்க்கரையில் பழைய கட்டடங்கள் காப்பிக் கடைகளாகவும் சிறு ஹோட்டல்களாகவும் மாறின. மஸ்ஜித் இந்தியா மட்டும் இன்னும் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு தெருவின் கொல்லைப்புறத்தில் குப்பைத் தொட்டியும் குளிர்சாதன இயந்திரமும் இருக்கும்வரை, ஆற்றுக் காட்சிக்கு யாரும் காசு கொடுக்கமாட்டார்கள்.

ஆறு தூங்குகிறது என்று நிலம் தூங்கவில்லை. கோலாலம்பூரின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறைமேல் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 23 காலையில் மலாயன் மென்ஷன் அருகே நடைபாதை உள்வாங்கியது. சுற்றுலா வந்த இந்தியப் பெண்மணி ஒருவர் 8 மீட்டர் பள்ளத்தில் விழுந்தார். ஒன்பது நாள் தேடினார்கள், கிடைக்கவில்லை. இடையில் சில பத்து மீட்டர் தள்ளி இன்னொரு குழியும் விழுந்தது. அந்தச் சில வாரங்களில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. பூக்கடைக்காரர்கள் சரத்தைக் கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சந்தை மதிப்பீட்டாளர்களின் படிவத்தில் கட்டடத்தின் வயதுக்குக் கட்டம் உண்டு. அடியில் ஓடும் பழைய கழிவுநீர்க் குழாயின் வயதுக்கு ஒரு கட்டம் வேண்டாமா?

இங்கிருந்து கிளம்பியவர்களுக்கும் ஆறு விடை கொடுத்துவிடவில்லை. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் 2021 டிசம்பரில் கூரைமேல் உட்கார்ந்து படகுக்குக் காத்திருந்தன. அங்கே ஏறியதும் இதே கிள்ளான் ஆற்றுத் தண்ணீர்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நகர்ப்புறப் புதுப்பிப்புக்கு ஏற்ற இடங்கள் என்று தீபகற்பத்தில் 534 இடங்களை அரசு அடையாளம் கண்டிருக்கிறது. அவற்றில் 139 கோலாலம்பூரில். இன்றைய சட்டப்படி அடுக்குமாடி ஒன்றை இடித்துப் புதிதாகக் கட்ட உரிமையாளர்கள் அனைவரும் சம்மதிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வீடமைப்பு, ஊராட்சி அமைச்சர் ஙா கோர் மிங் நாடாளுமன்றத்தில் வைத்த மசோதா அந்த வரம்பைக் குறைக்கப் பார்த்தது: 30 ஆண்டுக்கு உட்பட்ட கட்டடத்துக்கு 80 விழுக்காடு, அதற்கு மேல் 75, கைவிடப்பட்டதற்கு 51. எதிர்ப்பு பலமாக எழுந்தது. எழுந்த வாதங்களில் பெரும்பாலானவை சிறுபான்மை உரிமையாளர்களைப் பற்றியவை. நியாயம்தான். ஆனால் மஸ்ஜித் இந்தியா போன்ற ஊரில் கேள்வி வேறு. சம்மதம் கேட்கப்படுபவர் இங்கே குடியிருப்பதில்லை; குடியிருப்பவரிடம் யாரும் சம்மதம் கேட்கப் போவதில்லை.

உரிமைப் பத்திரத்துக்கும் இருப்புக்கும் இடையேயான இந்த இடைவெளியை 2025-இல் ஊரே பார்த்தது, இங்குள்ள ஓர் ஆலயத்தின் விஷயத்தில். தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் 130 ஆண்டு வரலாறு கொண்டது. அது நின்ற நிலத்தை மாநகர் மன்றம் 2014-இலேயே ஜேக்கல் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அங்கே பள்ளிவாசல் வரப்போகிறது என்ற செய்தி 2025 மார்ச்சில் வெடித்தபோதுதான் பொதுமக்களில் பலருக்கு நிலம் கைமாறியதே தெரிந்தது. கடைசியில் சுமார் 50 மீட்டர் தள்ளி வேறு நிலம் ஒதுக்கி உடன்பாடு வந்தது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்பெழுத நான் வரவில்லை. நூறு வருடம் இருந்தோம் என்பது நில அலுவலகத்தில் ஆவணம் ஆகாது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

என் கணிப்பில் இந்த ஊரின் விலை இன்னும் ஏறும், ஆள் இன்னும் குறையும். மாடியில் குடும்பம் திரும்ப வேண்டுமானால் அது சந்தையால் நடக்காது. சீரமைக்கும் உரிமையாளருக்கு மாநகர் மன்றம் மதிப்பீட்டு வரியில் கழிவு கொடுத்து, பதிலுக்கு மாடியை வாழத்தக்க வீடாக்கச் சொல்லலாம். தொழிலாளர் விடுதியாகத்தான் இருக்கும் என்றால், விடுதிக்குரிய விதிகளின்படியாவது நடத்தச் சொல்லலாம். இரண்டுமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டிருப்பதைத்தான் இருபத்தைந்து ஆண்டாகச் செய்துவருகிறோம்.

வாசகர்களில் சிலருக்கு இந்தத் தெருவில் பாட்டன் பெயரில் பங்கு இருக்கும். இஸ்லாமிய வாரிசுரிமையான ஃபராயிள் கணக்கில் அது பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சிதறியிருக்கும். சிலர் கடையநல்லூரில், சிலர் மெல்பர்னில். பெயர் மாற்றாத பங்குக்கு நாளை எந்தச் சம்மதப் படிவத்திலும் கையெழுத்திட முடியாது, மறுக்கவும் முடியாது. நிலம் உள்ளிட்ட சொத்தின் மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளிக்கு உட்பட்டிருந்தால், உயர்நீதிமன்றம் போகாமலே நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பிரிவில் முடித்துக்கொள்ளலாம். 2024 ஜூலைக்கு முன் அந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. இறப்புச் சான்றிதழையும் பட்டா நகலையும் எடுத்துக்கொண்டு இந்த மாதமே ஒரு நடை போய்வாருங்கள்.

(தொடரும்)