ஒற்றைக்கொம்பு நிற்கும் இடம்

காலாண்டிதழ் ஒன்றைப் பல ஆண்டுகளாகத் தம் கைப்பொருளைக் கொண்டே நடத்திவரும் நண்பர் ஒருவர், பழைய இதழ்களில் வெளிவந்த சிறுகதைகளைத் திரட்டித் தொகுப்பாகக் கொண்டுவர எண்ணி, அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த குறுந்தகடுகளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். தகடுகள் கெடவில்லை, கோப்புகளும் இருந்தன, ஆனால் திறந்து பார்த்தபோது திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும், நிறுத்தக்குறிகளும், எந்த மொழியைச் சேர்ந்தவை என்று சொல்ல முடியாத சின்னங்களும் வரிவரியாக நிரம்பிக் கிடந்தன. அவற்றுக்குத் தமிழ் உருக் கொடுத்த எழுத்துரு, எப்போதோ பழுதாகிப்போன கணினியோடு போய்விட்டது. ஒவ்வொரு பக்கத்தையும் மும்முறை புரூஃப் பார்த்து அச்சுக்கு அனுப்பியவர், தம் பத்திரிகையைத் தாமே வாசிக்க முடியாமல் உட்கார்ந்திருந்த அந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டுதான், சிறுபத்திரிகைக்கு ஏற்ற மலிவான பக்க வடிவமைப்பு மென்பொருள் எது என்ற விஷயத்தை இங்கே எழுதப் புகுகிறேன்.

சி. சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய காலத்தில், அச்சுக்கோப்பவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தால்தான் ஒரு பக்கம் உருவாகும். அந்த நிர்ப்பந்தத்திலிருந்து உலகத்துச் சிறு பதிப்பாளர்களை விடுவித்தது 1985. ஆப்பிளின் லேசர் அச்சுப்பொறி, அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி, ஆல்டஸ் ஸ்தாபனத்தின் பேஜ்மேக்கர் மென்பொருள் ஆகிய மூன்றும் ஒன்றுகூடியதால், ஒரு மேசையின் மேலேயே பத்திரிகைப் பக்கத்தை முழுமையாக அமைக்க வழி பிறந்தது. கனத்த ஏடுகளாக இருந்த நூல்களைக் கையில் ஏந்திச் செல்லத்தக்க சிறு வடிவில் அச்சிட்டளித்த வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூஷியஸின் பெயரை அந்த ஸ்தாபனம் சூட்டிக்கொண்டது எனக்கு எப்போதுமே உவப்பான செய்தி.

ஆனால் பேஜ்மேக்கருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்துக்கென வகுத்த 256 இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்து, கணினி ஆங்கிலம் என்று எண்ணுவதைத் தமிழாக நம் கண்ணுக்குக் காட்டினார்கள். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி தீர்மானித்துக்கொண்டபடியால், ஒருவர் கோத்ததை மற்றவர் வாசிக்க இயலவில்லை. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளைப் பொதுவென அறிவித்தபின்னும் பழைய வழக்கங்கள் ஒழியவில்லை. என் நண்பருடைய தகடுகளில் இருந்தது இந்தக் காலத்தின் எச்சம்.

யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டு முறை இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியதென்றாலும், மென்பொருளின் தலையில் புதிய கடமை ஒன்றை ஏற்றி வைத்தது. ‘பெயர்’ என்று நாம் எழுதும்போது ஒற்றைக்கொம்பு பகரத்துக்கு முன்னே நிற்கிறது. யூனிகோடோ ஒலிக்கும் வரிசையைப் பின்பற்றி, பகரத்தை முதலிலும் கொம்பை அதன் பின்னும் சேமித்து வைக்கிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து நிறுத்த வேண்டிய பொறுப்பு, பக்கம் அமைக்கும் மென்பொருளைச் சேர்ந்தது. அதை அறியாத மென்பொருளில் கொம்பு பின்தங்கி, அடுத்த எழுத்தின் முன்னால் போய் நின்று, ‘பெயர்’ ‘பயெர்’ ஆகிவிடும். ஆகவே விலையை விசாரிப்பதற்கு முன்னால், ‘பெயர்’, ‘கொய்யா’, ‘மௌனம்’, ‘பக்ஷி’, ‘ஸ்ரீ’ என்ற ஐந்து சொற்களைத் தட்டிப் பார்க்கும்படி என்னைக் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன்கூட, வேர்ல்டு-ரெடி என்னும் பத்தியமைப்பு முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இந்தப் பரிசோதனையில் தடுமாறிய காலம் உண்டு.

இன்டிசைன் மிகச் சிறந்த சாதனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 2013 முதல் அடோபி தன் மென்பொருள்களின் புதிய பதிப்புகளைச் சந்தா முறையிலேயே வழங்கத் தொடங்கிவிட்டது. இருநூறோ முந்நூறோ சந்தாதாரர்களை நம்பி வாழும் பத்திரிகை மாதந்தோறும் தானும் ஒரு சந்தா கட்டிவரவேண்டும்; அது நின்ற மாதத்தில் தன் பழைய இதழின் மூலக்கோப்பையே திறக்க இயலாமல் நிற்கும். 2019-இல் வந்த அஃபினிட்டி பப்ளிஷர் ஒரே முறை விலை கொடுத்தால் போதும் என்ற சௌகரியத்தோடு வந்தது. ஆயினும் அதன் முதற்பதிப்புகள் இந்திய எழுத்துகளைக் கூட்டி அமைக்க அறியாதவை.

என் அபிப்பிராயத்தில் இன்று சிறுபத்திரிகையாளர் முதலில் கைவைத்துப் பார்க்க வேண்டியது ஸ்கிரைபஸ். 2003-இல் முதற்பதிப்பு கண்ட இந்தக் கட்டற்ற மென்பொருளுக்கு விலையும் இல்லை, வாடகையும் இல்லை. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். வெகுகாலம் தமிழைச் சிதைத்தே காட்டிவந்த அது, ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்துக்கூட்டும் கருவியை ஏற்றுக்கொண்டபின், 2024-இன் தொடக்கத்தில் வெளிவந்த 1.6 பதிப்பில் ஒற்றைக்கொம்பை உரிய இடத்தில் நிறுத்துகிறது. குறைகள் உண்டு, நீண்ட கட்டுரையைப் பக்கத்தின் மேலேயே திருத்த முயன்றால் தயங்கித் தயங்கி நகர்கிறது. லிபர்ஆபீஸ் எழுத்துச்செயலியில் உரையை முழுவதும் திருத்தி முடித்துவிட்டு, பின்னர் இங்கே கொண்டுவந்து ஊற்றுவதே என் வழக்கம். ஆனால் இதன் கோப்பு வெறும் உரைவடிவில் எழுதப்படுவதால், ஸ்கிரைபஸே உலகில் இல்லாமற்போனாலும், ஏதேனும் ஓர் உரைத்தொகுப்பியில் திறந்து நம் கதைகளை வாசித்துவிடலாம் என்ற ஒரு குணத்துக்காக மற்ற குறைகளையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன்.

படங்கள் குறைந்து கட்டுரைகளே மிகுந்த ஆய்விதழாயின் டெக் குடும்பத்தைச் சேர்ந்த ஸீடெக் பொருந்தும். தம் நூலின் மறுபதிப்புக்கு 1977-இல் வந்த புரூஃபின் அவலட்சணத்தைச் சகியாமல் கணினி அறிஞர் டொனால்டு நூத் தாமே அச்சுக்கோக்கும் நிரலை எழுதத் துணிந்ததில் பிறந்தது அந்தக் குடும்பம். பத்தி அமைப்பின் அழகில் அதற்கு நிகர் குறைவு; கட்டளைகளை மனனம் செய்யும் பொறுமை வேண்டும்.

தமிழுக்கே உரிய இன்னொரு சிரமம் சொற்களின் நீளம். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்’ போன்ற சொல்லைக் குறுகிய மூன்று பத்திகளுள் ஒன்றில் இட்டு இருபுறமும் சமன்செய்தால், முந்தைய வரி இரண்டே சொற்களோடு பல் உதிர்ந்த வாய்போல இளித்து நிற்கும். டெமி அளவுப் பக்கத்துக்கு ஒரே பத்தியும், பெரிய பக்கத்துக்கு இரண்டும் போதும். மூன்று பத்தி வேண்டுவோர் வலப்புறத்தைச் சமன்செய்யாமல் விட்டுவிடலாம். எழுத்துருவுக்கும் பணம் செலவிட வேண்டியதில்லை: நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, முக்த மலர் யாவும் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பவை. பிறருக்கு உரிமையான எழுத்துருவைக் களவாக உபயோகிப்பது, பதிப்புரிமையைப் பற்றிப் பேசவேண்டிய பத்திரிகைக்குத் தகாது.

அச்சகத்தாரிடம் மூலக்கோப்பைக் கொடுப்பதைத் தவிர்த்து, எழுத்துருக்களை உள்ளடக்கிய பிடிஎஃப் ஒன்றையே கொடுக்கவேண்டும். பக்கத்தைச் சுற்றி வெட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் மிகை, படங்களுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள், எட்டால் அல்லது பதினாறால் வகுபடும் பக்கத் தொகை ஆகியவை அவர்கள் எதிர்பார்ப்பவை. உரையின் கறுப்பு ஒற்றைக் கறுப்பு மையால் அமைந்திருக்கிறதா என்பதை மட்டும் இருமுறை பார்க்கவேண்டும். சாதாரண எழுத்துச்செயலியிலிருந்து வரும் கறுப்பு நான்கு மைகளாகப் பிரிந்து நான்கு பிளேட்டுகளிலும் ஏறிவிட்டால், தாள் மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துகளின் விளிம்பில் நிறம் கசியும். லிபர்ஆபீஸிலேயே முழு இதழையும் முடித்துவிட விரும்புவோருக்கு இதுவே பெரிய இடையூறு. ஸ்கிரைபஸில் இது அநேகமாக நேர்வதில்லை.

இதழ் அச்சேறிய அன்றே, யூனிகோடு உரை, எழுத்துருக் கோப்புகள், படங்கள், மூலக்கோப்பு, பிடிஎஃப் ஐந்தையும் ஒரே உறையிலிட்டு இரண்டு வெவ்வேறு இடங்களில் வைக்கும் பழக்கத்தை இப்போது என் நண்பர் மேற்கொண்டிருக்கிறார். தகடுகளில் இருந்த கதைகளில் பாதியை, குறியீட்டு முறையை ஊகித்தறிந்து எழுத்துருமாற்றியின் வழியே மீட்டோம். எஞ்சியவற்றை, பழைய இதழ்களை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, மாலைவேளைகளில் அவருடைய மகள் தட்டச்சு செய்துவருகிறாள்; அவர் அருகில் அமர்ந்து நான்காம் முறையாகப் புரூஃப் பார்க்கிறார்.