ஓமந்தையில் காணி வாங்கப் போகிறீர்களா? முதலில் கடதாசியைப் பாருங்கள்

சேமலாப நிதிக் காசு கைக்கு வந்த செய்தி எப்படித்தான் பரவுமோ தெரியாது. அடுத்த கிழமையே லயத்து வாசலுக்கு ஆள் வந்துவிடும். "அண்ணே, ஓமந்தையில ஏ9 ரோட்டுக்குக் கிட்ட நல்ல காணி ஒன்னு இருக்கு. இப்ப வாங்கிப் போட்டா ரெண்டு வருஷத்துல வெல டபுள். அட்வான்ச மட்டும் இன்னைக்கே குடுத்துருங்க" என்பார்கள்.

காணி வாங்க நினைப்பது தவறில்லை. நான்கு தலைமுறையாக லயத்துக் காம்பிராவில் வாழ்ந்த குடும்பத்துக்குச் சொந்தக் காணி என்றால் அது முதலீடு மட்டுமல்ல, மரியாதையும்கூட. ஆனால் அந்தக் காசு எப்படிச் சேர்ந்தது என்பதையும் ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். மாதா மாதம் உங்கள் சம்பளத்தில் 8 வீதம், தோட்டம் போட்டது 12 வீதம். அதுதான் சேமலாப நிதி. பணிக்கொடை, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட் சம்பளம். 30 வருடம் கொழுந்து எடுத்த அம்மாவுக்கு அது 420 நாட் சம்பளம். இந்தக் காசு வாழ்க்கையில் ஒரு தடவைதான் வரும். தரகருக்கு நாளைக்கு இன்னொரு ஆள் கிடைப்பார். நமக்கு இன்னொரு சேமலாப நிதி கிடைக்காது.

அதனால் காணியைப் பார்க்கும் முன் அதன் கடதாசியைப் பார்க்க வேண்டும். வன்னியில் ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு வகைக் காணி, அந்தப் பக்கம் இன்னொரு வகைக் காணி இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சட்டத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

உறுதிக் காணி என்பது தனியாருக்கு முழுச் சொந்தமான காணி. அதை விற்கலாம், வாங்கலாம். அனுமதிப் பத்திரக் காணி அப்படியல்ல. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், குடியிருந்து பயிர் செய்வதற்காக அரசாங்கம் கொடுத்தது அது. "பெர்மிட் காணி" என்று சொல்வார்கள். காணி அரசாங்கத்தினுடையது. பெர்மிட்காரர் தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. அதே சட்டத்தில் கொடுக்கப்படும் அளிப்புப் பத்திரமும் உண்டு. சுவர்ணபூமி, ஜயபூமி என்ற பெயர்களில் வந்தவை இந்த வகை. அதில் ஜனாதிபதியின் கையெழுத்து இருப்பதைக் காட்டி "இது உறுதியை விடப் பெரிசு" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்ப வேண்டாம். அளிப்புக் காணியையும் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. அந்த அனுமதிக்கான வேலை நடப்பது பிரதேச செயலகத்தில்.

அப்படியிருந்தும் வன்னியில் பெர்மிட் காணி கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு வெள்ளைக் கடதாசியில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு பேர் கையெழுத்து வைத்து "வித்தாச்சு" என்பார்கள். சிலர் சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசியும் முடித்துத் தருவார்கள். 1840 ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் சட்டம் ஒன்றுதான்: காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். மற்றக் கடதாசி எதை வைத்திருந்தாலும் காணி உங்களுடையதாகாது. பெர்மிட்காரர் இறந்ததும் பின்னுரித்தாளர் வந்து "எங்கப்பா காணி" என்று நின்றால், கொடுத்த காசுக்கு அழுவதைத் தவிர வேறு வழி கிடைப்பது கஷ்டம்.

"சீக்கிரம் இதுக்கெல்லாம் முழு உறுதி குடுக்கப் போறாங்க" என்ற பேச்சும் வரும். பெர்மிட் காணிகளை முழு உரித்தாக்க 2024 இல் 'உறுமய' என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது உண்மை. ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது, நீங்கள் பார்க்கும் இந்தத் துண்டுக்கு உறுதி வந்திருக்கிறதா என்பதை மட்டும்தான். வந்திருந்தால் காட்டட்டும். வராவிட்டால் அது பெர்மிட் காணிதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், கடதாசி இல்லாத காணியின் கதை நம்முடைய ஆட்களின் கதை. 1977 கலவரத்துக்குப் பிறகு எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். காந்தியம் போன்ற அமைப்புகள் அவர்களைக் குடியேற்றின. காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். ஆனால் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவருக்குப் பெர்மிட் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. பிறகு யுத்தம், இடப்பெயர்வு. திரும்பி வந்தபோது வெட்டிய காணி மறுபடி காடாகி, சில இடங்களில் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லும் நின்றது. உழைப்பு இருந்தது, காட்ட ஒரு துண்டுக் கடதாசி இருக்கவில்லை. குடியுரிமைச் சிக்கல் 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடு தீர்ந்தது. காணிச் சிக்கல் பலருக்கு இன்னும் தீரவில்லை.

சரி, உறுதிக் காணிதான் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் உறுதியின் பிரதியை வாங்கி, உங்களுக்குத் தெரிந்த நொத்தாரிசு ஒருவரிடம் கொடுங்கள். தரகர் கூட்டிப் போகும் நொத்தாரிசு வேண்டாம். அவர் வவுனியா காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கட்டும். குறைந்தது 30 வருடத்துக் கைமாற்றத்தைப் பார்ப்பது வழக்கம். ஈடு வைத்திருக்கிறதா, வழக்கு இருக்கிறதா, வேறு ஆளுக்கு ஏற்கனவே எழுதிவிட்டார்களா என்பதெல்லாம் அங்கே தெரியவரும். உத்தரவு பெற்ற நில அளவையாளரின் வரைபடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். "பிரிக்கப்படாத பங்கு" என்று உறுதியில் இருந்தால் நிதானிக்க வேண்டும். எந்த மூலை உங்களுடையது என்று யாரும் சொல்ல முடியாது. அதோடு வட மாகாணத்தில் தேசவழமைச் சட்டப்படி கூட்டுச் சொந்தக்காரருக்கு முதலில் வாங்கும் உரிமையும் உண்டு.

தேசவழமையில் இன்னொரு விஷயம் நம்மவர்களுக்குத் தெரியாது. அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண், தன் சொந்தப் பெயரில் இருக்கும் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். விற்கிற அக்கா நல்லவராகவே இருக்கலாம், கணவரின் கையெழுத்தையும் கேளுங்கள். மலையகத்தார் பொதுவாக அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் அல்ல. ஆகவே அம்மாவின் சேமலாப நிதியில் வாங்கும் காணியை அம்மாவின் பெயரிலேயே எழுதலாம். அதுதான் நியாயமும்.

சொந்தக்காரர் கனடாவில், லண்டனில் இருக்கிறார், அவருடைய அற்றோனித் தத்துவத்தை வைத்து இங்கே ஒருவர் விற்கிறார் என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை. கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த அதிகாரமும் அத்தோடு முடிந்துவிடும். வீடியோ கோலில் நேரே பேசுவதற்கு இந்தக் காலத்தில் என்ன தடை?

இனி காணியைப் பார்க்கப் போகலாம். மார்கழியில் போகாதீர்கள். மாரி மழையில் குளம் நிறைந்து, எல்லாம் பச்சையாக, நம்ம ஊர் மாதிரியே இருக்கும். ஆவணி, புரட்டாதியில் போங்கள். பீலித் தண்ணீரில் வளர்ந்த நமக்கு, கோடையில் வற்றிய கிணறு என்றால் என்னவென்று அப்போதுதான் விளங்கும். கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, குடிக்கலாமா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். குளத்துக்குக் கிட்ட மலிவாகக் கிடைத்தால் அது குளத்தின் ஒதுக்குக் காணியா என்று விசாரியுங்கள். ஓமந்தை நெடுங்காலம் போர் முன்னரங்காக இருந்த ஊர். அந்தப் பக்கம் கண்ணிவெடி அகற்றியாயிற்றா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்பதில் வெட்கமில்லை.

அளவிலும் ஏமாறக்கூடாது. அங்கே பரப்புக் கணக்கு. ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஓர் ஏக்கர். தோட்டத்து வீடமைப்பில் கொடுத்த 7 பேர்ச் ஒரு பரப்புக்கும் குறைவு.

விலை ஏறுமா? ஏறியிருக்கிறது. 1990 இல் நின்ற ரயில் 2011 இல் ஓமந்தை வரை வந்தது, சோதனைச் சாவடி 2015 இல் போனது. அதே நேரம், 2016 இல் பொருளாதார மத்திய நிலையம் ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா என்று பெரிய இழுபறி நடந்ததும் நினைவிருக்கும். ஓமந்தைக்கு அது வரவில்லை. "வரப்போகுது" என்ற பேச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள். எல்லாக் காசையும் காணியில் போட்டுவிடவும் வேண்டாம். அவசரத்துக்குக் காணியை ஒரே நாளில் விற்க முடியாது. முத்திரைத் தீர்வை, நொத்தாரிசு கூலி, வேலிச் செலவு ஆகியவற்றுக்கும் ஒதுக்கி வையுங்கள்.

உறுதி எழுதும் நாளில் அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தோட்டத்து ஆபீசில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர் என்று நம்மிடம் இருக்கும் குழப்பத்தை முன்கூட்டியே சரிசெய்துவிடுங்கள். எழுதியதும் விட்டுவிடாமல் பதிவகத்தில் பதிவாகும் வரை பின்னால் நில்லுங்கள். நீங்கள் பதியாமல் வைத்திருக்கும்போது பிந்தி வாங்கிய ஒருவர் முந்திப் பதிந்துவிட்டால் சட்டத்தில் அவர் பக்கம் பலமாகிவிடும். பதிந்த உறுதியை நொத்தாரிசிடமிருந்து கையோடு வாங்கி, இரண்டு போட்டோ கொப்பி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். மூலப் பத்திரத்தை லமினேட் பண்ண வேண்டாம்.